எட்டாவதில் பி1, ஒன்பதாவதில் 11 மார்க்

வேலூர் மாவட்டத்தில் கிராமத்துப் பிள்ளைகள் பலர் எட்டாம் வகுப்பு வரை ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பதாவதுக்குப் பக்கத்து ஊர் அரசு உயர்நிலைப் பள்ளிக்கோ மேல்நிலைப் பள்ளிக்கோ போகிறார்கள். இங்கே டி.சி. வாங்கி அங்கே கொடுத்து, புது யூனிஃபார்ம் தைத்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் எனக்கும் சொன்னார்கள். என் தம்பி 2024 ஜூனில் அப்படிப் போனவன். அந்த ஒரு வருஷம் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். இப்போது ஏழாவதிலோ எட்டாவதிலோ பிள்ளை இருக்கிற வீட்டுக்காரர்களுக்குத்தான் இது அதிகம் உதவும். ஒன்பதாவது சேர்ந்துவிட்ட பிள்ளை என்றாலும் பரவாயில்லை, படித்துப் பாருங்கள்.

எங்கள் ஊர் அணைக்கட்டு தாலுகாப் பக்கம். அம்மா இல்லை. அப்பாவுக்குப் பெங்களூரில் கட்டட வேலை, மாசத்துக்கு ஒருமுறை வந்து போவார். வீட்டில் ஆயா (பாட்டி), நான், தம்பி. நான் வேலூரில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் பில் போடுகிறேன். சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியிருக்கும் கடைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வடக்கிலிருந்து வைத்தியத்துக்கு வரும் கூட்டம் காலையில் ஷட்டர் தூக்கியதிலிருந்து இரவு வரை ஓயாது. நான் வீடு வந்து சேரும்போது தம்பி சாப்பிட்டுப் படுத்திருப்பான். நான் படித்தது ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை ஒரே அரசுப் பெண்கள் பள்ளியில். எட்டாவது முடிந்து ஒன்பதாவது போனது பக்கத்து ரூமுக்குப் போன மாதிரிதான் இருந்தது எனக்கு. இந்த இரண்டு வகுப்புக்கும் நடுவில் இவ்வளவு பெரிய பள்ளம் இருக்கும் என்று சொல்ல எங்கள் வீட்டில் யாரும் இல்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவன் படித்த நடுநிலைப் பள்ளி மோசமான பள்ளி இல்லை. அம்மா போன சமயத்தில் அவனை மதியம் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிட வைத்தது அங்கிருந்த டீச்சர்தான். மேடையில் பேச வைத்தார்கள், நாடகத்தில் நடிக்க வைத்தார்கள். எட்டாவதில் மணி அடிப்பதிலிருந்து சத்துணவு வரிசையைப் பார்த்துக்கொள்வது வரை இவன்தான் அங்கே பெரியவன். எட்டாவது முழு ஆண்டு ரேங்க் கார்டில் கணக்குக்கு பி1. அதாவது 71-லிருந்து 80-க்குள். சுமாராகப் படிக்கிற பையன், சமாளித்துவிடுவான் என்று யாராக இருந்தாலும் நினைப்பார்கள்.

அந்த பி1 எப்படி வருகிறது என்று பின்னால்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். எட்டாவது வரை மதிப்பெண் இரண்டு பங்காக வரும். வளரறி மதிப்பீடு 40, தொகுத்தறி மதிப்பீடு 60. அந்த 40-ல் சார்ட் ஒட்டுவது, ஆல்பம் செய்வது, செயல்பாடு, சின்னச் சின்ன டெஸ்ட் எல்லாம் சேரும். பெரும்பாலும் முழுசாகவோ முழுசுக்குப் பக்கத்திலோ போட்டுவிடுவார்கள். தேர்வு எழுதி வாங்க வேண்டியது 60-க்குத்தான். 40-க்கு 38 வந்துவிட்டால், 60-க்கு 35 எடுத்தவனும் பி1. அதற்கு மேல் ஆறு, ஏழாவதில் பருவத்துக்கு ஒரு புத்தகம். முதல் பருவம் முடிந்தால் அந்தப் பாடத்தை மறந்துவிட்டு அடுத்த புத்தகத்தைப் பிடிக்கலாம். பிள்ளைகளுக்குச் சுமை குறையட்டும் என்று கொண்டுவந்த ஏற்பாடு, அதில் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் ரேங்க் கார்டைப் பார்த்துப் பிள்ளையின் கையில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. ரேங்க் கார்டு கொடுக்கும்போது கிரேடைக் கேட்காதீர்கள். "60-க்கு எவ்வளவு எடுத்தான், அந்தப் பேப்பரைக் காட்டுங்க" என்று கேளுங்கள்.

2024 மே மாதம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தது. மாநிலத் தேர்ச்சி 91.55 சதவீதம். வேலூர் மாவட்டம் 82.07 சதவீதத்தோடு கடைசி இடம். கடையில் எல்லாரும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். பத்தாவது வாத்தியார்கள் சரியில்லை, பிள்ளைகள் செல்போனைக் கட்டிக்கொண்டு கிடக்கின்றன என்று ஆளுக்கொரு காரணம். அப்போது நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். இப்போது யாராவது அப்படிப் பேசினால், அந்தப் பிள்ளைகள் ஐந்தாவதில் என்ன படித்தார்கள் என்று பாருங்கள் என்பேன். அந்த வருஷம் ஒன்பதாவது போன என் தம்பி செட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது அவன் நாலாவது. ஐந்தாவது முழுக்க வீட்டில்தான். கல்வித் தொலைக்காட்சி ஓடும், ஆயா சீரியலுக்கு மாற்றுவார், அவன் வெளியே போய்விடுவான். சின்ன வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. அப்போது அவன் ஆறாவதில் பாதியில் இருந்தான். நெடு வகுத்தலும் பின்னமும் கைக்குப் பழகுகிற வயசு அப்படியே காணாமல் போய்விட்டது. அதை யாரும் திரும்ப எடுக்கவில்லை, எடுக்க நேரமும் இல்லை. ஆறாவது புத்தகம் ஐந்தாவது தெரியும் என்று நினைத்துத்தான் ஆரம்பிக்கிறது.

அட்மிஷன் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு சிக்கல் எமிஸ், அதாவது ஒவ்வொரு பிள்ளையின் விவரத்தையும் பள்ளிகள் ஏற்றி வைக்கும் கல்வித்துறையின் ஆன்லைன் பதிவு. பழைய பள்ளி தன் கணக்கிலிருந்து பிள்ளையை விடுவித்தால்தான் புதுப் பள்ளி தன் கணக்கில் ஏற்ற முடியும். டி.சி.யைக் கையில் வாங்கும்போதே எமிஸில் விட்டுவிட்டீர்களா என்று கேட்டுவிடுங்கள், இல்லையென்றால் இரண்டு பள்ளிக்கும் நடுவில் நீங்கள்தான் அலைய வேண்டும். எமிஸில் இருக்கும் போன் நம்பர் யாருடையது என்றும் பாருங்கள். எங்களுடையது அப்பாவின் பழைய நம்பர், செத்துப்போன சிம். அதனால் என்ன ஆனது என்று பின்னால் வருகிறேன். அப்புறம் செலவு. எட்டாவது வரை சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு இலவச யூனிஃபார்ம் கிடைக்கும். ஒன்பதாவதில் கிடையாது. துணி எடுத்துத் தைக்க இரண்டு செட்டுக்கு 1,900 ரூபாய் ஆனது. இலவச சைக்கிள் பதினொன்றாம் வகுப்பில்தான் தருவார்கள், ஆக ஒன்பதும் பத்தும் பஸ் பாஸை நம்பித்தான் ஓட்ட வேண்டும். பாஸ் வரும்வரை யூனிஃபார்ம் போட்டிருந்தால் ஏற்றிக்கொள்வார்கள். ஆனால் காலை பஸ்ஸில் ஏறுவது தனி யுத்தம். பிள்ளை போகிற அதே நேரத்துக்கு நீங்களும் ஒருநாள் அந்த பஸ்ஸில் போய்ப் பாருங்கள்.

ஆபீஸில் இங்கிலீஷ் மீடியமா தமிழ் மீடியமா என்று கேட்டார்கள். சித்தப்பா போனில், "இங்கிலீஷ்ல போடும்மா, இல்லன்னா பின்னாடி கஷ்டப்படுவான்" என்றார். தம்பி என் கையைப் பிடித்து, "வேணாங்கா, தமிழே இருக்கட்டும்" என்றான். தமிழிலேயே சேர்த்தேன். அவனோடு எட்டாவது முடித்து இங்கிலீஷ் மீடியத்தில் சேர்ந்த இரண்டு பேரில் ஒருத்தன் தட்டுத்தடுமாறிச் சமாளித்துவிட்டான். இன்னொருத்தனை வீட்டார் காலாண்டுக்குப் பிறகு தமிழுக்கே மாற்றினார்கள். அடிப்படையே ஆடும்போது மொழியையும் சேர்த்து மாற்றினால் பிள்ளைக்கு எது புரியவில்லை என்று அவனுக்கே தெரியாது. இன்னொன்றும் யாரும் சொல்வதில்லை. அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாவதிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். நடுவில் இரண்டு வருஷம் மாறினாலும் அது போய்விடும். இங்கிலீஷ் மீடியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாற்றுவதென்றால் இதையெல்லாம் தெரிந்துகொண்டு மாற்றுங்கள்.

ஜூன் 10 பள்ளி திறந்தது. முதல் மாதம் நன்றாகவே போனது போலத்தான் தெரிந்தது. ஒன்பதாவது கணக்கில் முதல் பாடம் கண மொழி. அது எல்லாருக்குமே புதுசு, வட்டம் போட்டு உள்ளே எண்களை எழுதுவது, இவனுக்குப் பிடித்தே இருந்தது. அடுத்தது மெய்யெண்கள். பின்னத்தைத் தசமமாக விரித்து, அது எங்கே முடிகிறது, எங்கே திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு நெடு வகுத்தல் வேண்டும். அங்கேயே நின்றுவிட்டான். அதே சமயம் அறிவியலில் முதல் பாடம் அளவீடு. வெர்னியர் அளவியின் மீச்சிற்றளவு 0.01 செ.மீ., திருகு அளவியினுடையது 0.01 மி.மீ. தசமத்தில் புள்ளி எங்கே வைப்பது என்று தெரியாதவனுக்கு அறிவியலும் கணக்காகிவிட்டது. ஒரு ஓட்டை இரண்டு பாடத்தைக் கவிழ்த்தது. முதல் இடைப்பருவத் தேர்வில் 50-க்குக் கணக்கில் 11, அறிவியலில் 14. அந்தப் பேப்பர்களை எனக்குக் காட்டவே இல்லை. அரிசி டின்னுக்குப் பின்னால் மடித்துச் செருகி வைத்திருந்ததை ஆயாதான் எடுத்துக் கொடுத்தார்.

கோபம் வந்தது. கத்தினேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அடுத்து நான் செய்தது பழைய எட்டாவது கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தது. எல்லாம் முத்து முத்தான கையெழுத்து, எல்லாம் சரி, எல்லாவற்றிலும் சிவப்பு டிக். அதே கணக்கில் எண்ணை மட்டும் மாற்றிப் போடச் சொன்னேன். முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. "இதெல்லாம் நீ போட்டதுதானே?" என்றேன். "போர்டுல டீச்சர் போட்டதுக்கா. பாத்து எழுதினேன்" என்றான். நோட்டு அழகாக இருக்கிறதென்று நிம்மதியாக இருக்காதீர்கள். புத்தகத்தை மூடிவிட்டு, எண்ணை மாற்றி ஒரு கணக்கு கொடுங்கள், போதும். ஏசர் என்று நாடு முழுக்க ஓர் ஆய்வு நடத்துகிறார்களே, அதில் பிள்ளைகளுக்கு வைக்கும் சோதனையில் கடைசிப் படி இரண்டுதான்: இரண்டாம் வகுப்பு அளவிலான ஒரு பத்தியை வாசிப்பது, மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுப்பது. வீட்டில் செய்ய ஐந்து நிமிஷம் ஆகாது. எட்டாவதுப் பிள்ளையிடம் இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். கேளுங்கள். அதோடு 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டச் சொல்லுங்கள், மைனஸ் 7-லிருந்து மைனஸ் 3-ஐக் கழிக்கச் சொல்லுங்கள், பார்க்காத ஒரு செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு என்ன சொல்லியிருக்கிறது என்று சொந்தமாக நாலு வரி எழுதச் சொல்லுங்கள். இவ்வளவும் வந்தால் ஒன்பதாவதைத் தாங்கிவிடுவான். இதில் எது வரவில்லையோ அதுதான் ஜூலையில் வந்து நிற்கும்.

டியூஷன் கதை வேறு. கடையில் ஒருவர் சொன்னார் என்று டவுனில் ஒரு டியூஷன் சென்டரில் சேர்த்தேன். வருஷத்துக்கு 14,000, முழுசும் முன்பணமாகக் கட்டினால் 12,000. இருந்த சீட்டுப் பணத்தில் 12,000 கட்டிவிட்டேன். அங்கே ஒன்பதாவதுப் பிள்ளைகளுக்கே பத்தாவது பாடத்தை ஆரம்பித்துவிட்டார்கள், "இப்பவே முடிச்சா அடுத்த வருஷம் ரிவிஷன்தான்" என்று பெருமையாக வேறு சொன்னார்கள். இவனுக்கு ஐந்தாவது பாடம் வேண்டியிருந்தது. கேட்டதற்கு, "எல்லாருக்கும் பொதுவா எடுக்கறோம்மா, ஒருத்தனுக்காக நிறுத்த முடியாது" என்றார்கள். அது அவர்கள் பக்கம் நியாயம்கூட இருக்கலாம். காசைத் திருப்பிக் கேட்டபோது மட்டும் நியாயம் பேசவில்லை, ரசீதில் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினார்கள். டியூஷனுக்கு மாதா மாதம்தான் கட்டுங்கள். சேர்க்கும் முதல் நாளே பிள்ளைக்கு ஒரு டெஸ்ட் வைத்து, எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று சொல்கிறவர்களிடம் மட்டும் சேருங்கள். டெஸ்ட்டே வைக்காமல் அட்வான்ஸ் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

காலாண்டுக்கு முன்னால் ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் வேலை செய்யும் தெரிந்த அண்ணன் கடைக்கு வந்து, "உன் தம்பி ஏம்மா யூனிஃபார்மோட அங்கயே உக்காந்துகினு இருக்கான்?" என்று கேட்டார். அவன் பல நாளாகப் பள்ளிக்குப் போகவே இல்லை. கிளாஸ் டீச்சர் போன் செய்திருக்கிறார், அந்தச் செத்துப்போன நம்பருக்கு. மருந்து ஸ்டாக் ரூமில் உட்கார்ந்து அழுதேன். வெளியில் ஒரு பெரியவர் பிரிஸ்கிரிப்ஷனை நீட்டிக்கொண்டு நிற்கிறார், முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பில் போட்டேன். அன்று இரவு அவனைத் திட்டவில்லை. திட்டத் தெம்பும் இல்லை. அவனே சொன்னான்: "அங்க யாருக்கும் என் பேரே தெர்லக்கா. ஆறாவதுலேர்ந்து அங்கயே படிச்சவங்க ஒரு பக்கம், நாங்க வெளியூரு ஸ்கூல் ஒரு பக்கம். போர்டுக்குக் கூப்ட்டா சிரிக்கிறாங்க. நான் மக்குக்கா."

இது நான் யோசித்தே பார்க்காத விஷயம். ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை இருக்கிற பள்ளியில் ஒன்பதாவதில் இரண்டு விதமான பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு கூட்டத்துக்கு எல்லா சாரையும் தெரியும், லேப் எங்கே என்று தெரியும், எந்த சார் எப்படிக் கேள்வி கேட்பார் என்று தெரியும். சுற்று வட்டார நடுநிலைப் பள்ளிகளிலிருந்து வருகிறவர்கள் கடைசி பெஞ்சில் போய் உட்கார்கிறார்கள். எட்டாவதில் பத்துப் பதினைந்து பேர் இருந்த வகுப்பிலிருந்து ஐம்பது பேர் வகுப்புக்கு வந்தவன் காணாமல்தான் போவான். சேர்த்த முதல் வாரமே கிளாஸ் டீச்சரைப் பார்த்து, "இவன் இந்த ஊர் நடுநிலைப் பள்ளியிலேர்ந்து வர்றான், கணக்குல கொஞ்சம் வீக்கு, முன்னாடி உக்கார வைங்க சார்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். நான் சொன்னபோது செப்டம்பர் ஆகிவிட்டது, ஆனாலும் அந்த சார் அன்றைக்கே மூன்றாவது பெஞ்சுக்கு மாற்றினார். அதன் பிறகு பள்ளிக்கு மட்டம் போடவில்லை.

பழைய பள்ளிக்கும் ஒருநாள் போனேன். சண்டை போடும் எண்ணத்தோடுதான் போனேன், மறைக்க என்ன இருக்கிறது. அந்தக் கணக்கு டீச்சர், "வாம்மா, எப்படி இருக்கான்?" என்று கேட்டதும் சண்டை எல்லாம் போய்விட்டது. மார்க்கைச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு விளக்கினார். ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்புக்கும் கணக்கும் அறிவியலும் அவர் ஒருவர்தான். கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கே அப்படித்தான்: கணக்குக்கும் அறிவியலுக்கும் சேர்த்து ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிகளுக்கு ஒருவர் இருந்தால் போதும். அதில் ஒருவர் பயிற்சிக்குப் போனாலும் லீவு போட்டாலும் மூன்று வகுப்பும் ஒரே ரூமில். எமிஸில் ஏற்றுவது, நலத்திட்டக் கணக்கு எல்லாம் தனி. "உயர்நிலைப் பள்ளியில் என்ன எதிர்பார்க்கறாங்கன்னு எங்களுக்கு யாரும் சொல்றது இல்லம்மா. நாங்க தொடக்கக் கல்வி, அவங்க பள்ளிக் கல்வி. பையன் போனதுக்கப்புறம் அவன் மார்க்கு எங்களுக்குத் திரும்பி வராது" என்றார். எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. பக்கத்துப் பக்கத்து ஊர், இரண்டும் அரசுப் பள்ளி, இங்கிருந்து போகும் பிள்ளைகள்தான் அங்கே பாதிப் பேர், ஆனால் இரண்டும் வேறு வேறு இயக்குநரகம். இந்தக் கணக்கு டீச்சரும் அந்தக் கணக்கு சாரும் ஒருமுறைகூடப் பேசிக்கொண்டதில்லை.

எட்டாவது வரை யாரையும் நிறுத்தி வைக்கக் கூடாது என்பதுதான் இதற்கெல்லாம் காரணம் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். 2019-ல் கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்தி ஐந்து, எட்டாவதுக்குத் தேர்வு வைத்து நிறுத்த மாநிலங்களுக்கு வழிவிட்டார்கள். தமிழ்நாட்டிலும் பொதுத் தேர்வு என்று அறிவித்துவிட்டு 2020 பிப்ரவரியில் கைவிட்டார்கள். கைவிட்டது நல்லதுதான் என்பது என் கருத்து. எங்கள் பக்கத்தில் எட்டாவதில் ஒரு பிள்ளையை ஃபெயில் ஆக்கினால் அது அடுத்த வருஷம் திரும்பி வராது. பீடி சுற்றவோ ஷூ கம்பெனி வேலைக்கோ அப்பாவோடு பெங்களூருக்கோ போய்விடும். ஆனால் பாஸ் போட்டு அனுப்பும் பிள்ளைக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று ஒரு தாளில் எழுதி அனுப்புவதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லையே. டி.சி.யில் மச்சம் எங்கே இருக்கிறது என்று எழுத இடம் இருக்கிறது, வகுத்தல் வருமா என்று எழுத இடம் இல்லை.

அந்த டீச்சர்தான் வழியும் சொன்னார். "ஒன்பதாவது புத்தகத்தை ஓரமா வை. அஞ்சாவது, ஆறாவது புத்தகத்தை எடு." தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் எல்லா வகுப்புப் புத்தகமும் பி.டி.எஃப்.ஆக இலவசம். வேண்டிய பாடங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்தேன். ஐந்தாவது என்று யாரும் பார்க்கக் கூடாது என்று அட்டை போட்டுக்கொண்டான். பெருக்கல் வாய்ப்பாடு, நெடு வகுத்தல், பின்னம், தசமம், மைனஸ் எண், இந்த வரிசைதான். தினமும் இரவு அரை மணி நேரம், நான் வந்த பிறகு. சனிக்கிழமை அந்த டீச்சர் வீட்டுக்குப் போவான். காசு வாங்க மாட்டேன் என்றார். பின்னால், பக்கத்துத் தெருவில் பி.எஸ்சி. கணக்கு படிக்கும் ஒரு பெண்ணுக்கு மாதம் 800 கொடுத்து ஏற்பாடு செய்தேன். 12,000 கொடுத்துக் கிடைக்காதது அங்கே கிடைத்தது. ஒன்பதாவது பாடத்தை அந்த மூன்று மாதம் பள்ளியில் நடப்பதோடு விட்டுவிட்டோம். அரையாண்டில் கணக்கு 100-க்கு 23. பயமாகத்தான் இருந்தது, ஏனென்றால் ஒன்பதாவதில் நிறுத்தி வைக்கலாம். ஆனால் பேப்பரைப் பார்த்தேன். எழுதின கணக்குகளில் படிகள் சரி, பாதியில் நேரம் போய்விட்டது. 11 வாங்கிய பேப்பரில் அது இல்லை. மார்க் ஏறுவதற்குக் காத்திருக்காதீர்கள், பேப்பரை வாங்கித் தப்பு எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

மொழிப் பாடத்திலும் சமூக அறிவியலிலும் இருந்த கஷ்டம் வேறு மாதிரி. எட்டாவதில் கேள்விக்கு இரண்டு வரி பதில், அதையும் புத்தகத்தில் அடிக்கோடு போட்டுக் கொடுத்துவிடுவார்கள். ஒன்பதாவதில் நெடுவினா. அவனுக்கு விஷயம் தெரிந்திருந்தும் ஒரு பக்கம் எழுத வரவில்லை, மூன்று மணி நேரம் உட்காரவும் பழக்கம் இல்லை. தினமும் அன்று நடந்ததை ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். முதலில் "பஸ்ஸில் கூட்டம்" என்று ஒரே வரி. பிறகு பஸ்ஸில் நடந்த சண்டையை இரண்டு பக்கம் எழுதினான். தமிழ் ஐயா அதைப் படித்துச் சிரித்தாராம். தமிழில் மார்க் ஏறியது அப்படித்தான். ஆங்கிலத்துக்கு எனக்கு வழி தெரியவில்லை, கைடு வாங்கி மனப்பாடம்தான்.

எட்டாவதில் இருக்கும் பிள்ளைகளுக்கு என்.எம்.எம்.எஸ். என்று மத்திய அரசு ஸ்காலர்ஷிப்புக்கான தேர்வு ஒன்று இருக்கிறது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும். பெற்றோர் வருமானம் வருஷத்துக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஏழாவதில் 55 சதவீதம் வாங்கியிருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய். மனத்திறன் 90 கேள்வி, பாடம் 90 கேள்வி. தம்பி பள்ளியில் நன்றாகப் படிக்கும் நாலைந்து பேரை மட்டும் தனியாக உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தார்கள், பாஸானவர்கள் படத்தைப் போட்டு கேட்டில் ஃபிளெக்ஸும் வைத்தார்கள். அதில் தப்பில்லை, ஆனால் உங்கள் பிள்ளை அந்த நாலைந்து பேரில் இல்லை என்றாலும் எழுத வையுங்கள். அந்தத் தேர்வுக்குத் தயாராகும்போது ஏழு, எட்டாவது பாடம் முழுக்க ஒருமுறை திரும்ப வரும். ஸ்காலர்ஷிப் வராவிட்டாலும் அது மிச்சம்.

நடுவில் பிரைவேட்டில் போடு என்று சொல்லாத உறவுக்காரர் இல்லை. ஒரு பள்ளியில் விசாரித்தேன், ஒன்பதாவதுக்கு வேன் சேர்த்து 48,000 சொன்னார்கள். கட்ட முடியாது என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தால்தான் மருத்துவம், இன்ஜினியரிங் சேர்க்கையில் 7.5 சதவீத ஒதுக்கீடு. காலேஜ் போகும்போது பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் வந்த தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000 ரூபாய், அதற்கும் அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும். என்.எம்.எம்.எஸ். வாங்குகிற பிள்ளை பிரைவேட்டுக்குப் போனால் அந்தப் பணமும் நின்றுவிடும். ஒன்பதாவதில் வெளியே போனால் இவ்வளவும் போகும். பிள்ளையின் அடிப்படை ஆட்டம் கண்டிருந்தால் பிரைவேட்டும் அதைத் தூக்கி நிறுத்தாது, பத்தாவது ரிசல்ட் கெடும் என்று ஒன்பதிலேயே டி.சி. கொடுத்தாலும் கொடுக்கும்.

ஐந்தாவது முடிக்கும் பிள்ளை வைத்திருக்கும் ஒரு அக்கா என்னிடம் கேட்டார், நடுநிலைப் பள்ளியிலேயே விடவா, ஆறாவதுக்கே பெரிய பள்ளியில் போடவா என்று. பக்கத்தில் பஸ் வசதியோடு அரசு மேல்நிலைப் பள்ளி இருந்தால் ஆறாவதிலேயே போடுங்கள் என்றேன். மூன்று வருஷம் பழகிய இடத்தில் ஒன்பதாவது ஆரம்பிப்பது பெரிய விஷயம். பஸ் இல்லை, பிள்ளை சின்னதாக இருக்கிறது என்றால் உள்ளூரிலேயே விடுங்கள், ஆனால் ஏழாவது முழுப் பரீட்சை லீவில் மேலே சொன்ன சோதனையைச் செய்யுங்கள், எட்டாவது ஒரு வருஷம் கையில் இருக்கும். 2025-26-லிருந்து ஆறு முதல் ஒன்பது வரை தமிழ், ஆங்கிலம், கணக்கு அடிப்படை வராத பிள்ளைகளுக்குத் தனியாக எடுக்க 'திறன்' என்று ஒரு திட்டம் வந்திருக்கிறது. என் தம்பி அதற்குள் ஒன்பதைத் தாண்டிவிட்டான். உங்கள் பிள்ளையை அந்தக் குழுவில் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால் அவமானமாக நினைத்துப் பேரை எடுக்கச் சொல்லாதீர்கள். எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் போய்ச் சண்டை போட்டு எடுத்துவிட்டு வந்தார்கள், எனக்கு வயிறு எரிந்தது.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கும் போய், எட்டாவதுப் பிள்ளைகளுக்கு ஏப்ரலில் பெரிய பள்ளிக் கணக்கு சாரிடம் ஒரு கேள்வித்தாள் வாங்கி எழுத வையுங்கள் என்று கேட்டேன். ஹெச்.எம். "பார்க்கலாம்மா" என்றார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியும். ஆனால் அந்தக் கணக்கு டீச்சர் எழுந்து, நானே போய் வாங்கி வருகிறேன் என்றார், வாங்கியும் வந்தார்.

தம்பி ஒன்பதாவது பாஸாகிவிட்டான், கணக்கில் 38. இப்போது பத்தாவது. காலாண்டில் கணக்கு 46, அறிவியல் 51, தமிழ் 72. ஆங்கிலம் 33, அது இன்னும் இழுபறிதான். மாதம் 800 ரூபாய் வாங்கும் அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலமும் எடுக்க வருமா என்று இந்த வாரம் கேட்க வேண்டும்.